நாற்காலிக்கு மூன்று பூச்சு

உலகத்தில் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன், ஜன்னலோரத்து நாற்காலியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தேன். மனதுக்குள்தான் எடுத்தேன். வாய்விட்டு எடுத்தால் சமையலறைக்குக் கேட்கும்.

முதலில் நாற்காலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அசல் தோல். காப்பிக்கொட்டை நிறம். கை வைத்துக்கொள்ள இரண்டு பக்கமும் அகலமான திண்டு. ஓரமெல்லாம் பித்தளை ஆணி. ஒரு வக்கீல் தன் அலுவலகத்தைக் காலி செய்தபோது வாங்கியது. அதில் உட்கார்ந்து அவர் எத்தனை வழக்கில் ஜெயித்தாரோ தெரியாது. நான் உட்கார்ந்து இன்னும் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை.

ஆபீஸில் எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. கோப்புகளுக்கு எண் போடுகிற வேலை. எழுந்துபோய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அந்தப் பிளாஸ்டிக்கையும் யாராவது இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அப்படிப்பட்டவன் வீடு திரும்பினால், காற்று வருகிற ஜன்னல் பக்கம், கால் நீட்டிக்கொள்ள ஒரு தோல் நாற்காலி. அதில் சாய்ந்தால் நான் குமாஸ்தா இல்லை. பின்னே யார் என்று கேட்காதீர்கள். அதை இன்னும் முடிவு செய்யவில்லை.

அந்த இடத்தைத்தான் என் மனைவி கேட்டாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா?"

இப்படி ஆரம்பித்தால் அது கேள்வி இல்லை, உத்தரவு. இரண்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

"கேளேன்."

"அந்த ஜன்னல் மூலை எனக்கு வேணும். தையல் மெஷின் போடணும்."

"மெஷின்தான் படுக்கையறையில இருக்கே."

"இருக்கு. வெளிச்சம்தான் இல்லை. ஊசியில நூல் கோக்கறதுக்குள்ள கண்ணு ரெண்டும் வெளிய வந்துடுது. போன வாரம் கறுப்புத் துணியில நீல நூலைப் போட்டுத் தைச்சு வெச்சிருக்கேன்."

"யார் துணி?"

"உங்க பேன்ட்டுதான்."

குனிந்து பார்த்தேன். நீலம்தான். ஆபீஸில் யாரும் சொல்லவில்லை. என்னைக் கால்வரை பார்க்கிறவர்கள் அங்கே யாரும் இல்லை.

"நாற்காலியை எங்க வெக்கிறதாம்?"

"எங்கயாவது வைங்க. வீட்டுக்கு வெளியன்னுகூட ஒரு இடம் இருக்கு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வக்கீல் உட்கார்ந்த நாற்காலி அல்லவா, வாதம் தானாக வந்தது.

"இங்க பாரு, இந்த நாற்காலி இந்த வீட்டுக்கு உனக்கு முன்னாடி வந்தது. ஆபீஸ்ல சீனியாரிட்டின்னு ஒண்ணு உண்டு."

"அப்படியா? அப்ப இன்னைக்குத் துணியை அதையே துவைக்கச் சொல்லுங்க."

வழக்கு அன்றைக்கு அத்துடன் ஒத்திவைக்கப்பட்டது. துணியை நான் துவைத்தேன்.

இடம் தராமல் தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வாரம் பிடித்தது மழை. ஐந்து நாள் விடவில்லை. ஆறாம் நாள் காலையில் என் மனைவி நாற்காலியின் பின்பக்கம் குனிந்து எதையோ பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நகையைப் பறிகொடுத்தவளிடம் திருடன் தானாக வந்து மாட்டிக்கொண்டால் எப்படிப் பார்ப்பாளோ, அப்படி.

"இது என்னங்க, வெள்ளையா?"

"பவுடர் பட்டிருக்கும்."

"நாற்காலி பவுடர் போடுதா? பூஞ்சைங்க இது. மோந்து பாருங்க."

முகர்ந்தேன். "பழைய தோல் வாசனை. இதுக்காகவே காசு குடுத்து வாங்கறவங்க இருக்காங்க."

"மழையில நனைஞ்ச நாய் வாசனை. அதுக்குக் காசு குடுக்கறவங்க யாருன்னு சொல்லுங்க, இப்பவே தூக்கிக் குடுத்துடலாம்."

பேச்சுவார்த்தை நடந்தது. முடிவில் எனக்குப் பதினாறு நாள் கெடு. அதற்குள் பூஞ்சையும் வாடையும் போய், நாற்காலி பார்க்கிற மாதிரி ஆகிவிட்டால் அது இருக்கலாம். இல்லையென்றால் பழைய சாமான் வண்டி வரும்.

"கடையிலேர்ந்து எதையாவது வாங்கிட்டு வந்து பூசி, அந்த நெடியில என்னைத் தும்ம வெக்காதீங்க," என்றாள்.

"கடைச் சாமானா? நானா?" என்றேன். "எல்லாம் இயற்கை முறை. எல்லாம் வீட்டுச் சாமான்."

அதை எப்படிச் செய்வதென்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் சொன்ன விதம் எனக்கே பிடித்திருந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாடு வரை கைபேசியில் வீடியோ பார்த்தேன். ஒருவர் வினிகர் என்றார். ஒருவர் எலுமிச்சை என்றார். ஒரு தாடிக்காரர் வாழைப்பழத்தை உரித்து, பழத்தை அவர் தின்றுவிட்டு, தோலால் செருப்பைத் தேய்த்தார். பளபளத்தது. இதில் யார் சொல்வது சரி என்று யோசித்தேன். ஒருவரை நம்பி மற்றவர்களை மனம் நோகச் செய்வானேன்? எல்லாவற்றையும் கலந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. மனைவி சந்தைக்குப் போனாள். நான் சமையலறைக்குள் போனேன். வினிகர் கால் பாட்டில். எலுமிச்சம்பழம் நாலு. ஆலிவ் எண்ணெய் கை கொண்ட மட்டும். இத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனைவி முகத்துக்குப் பூசிக்கொள்கிற கலவையில் தேனும் பாலும் சேர்ப்பாள். முகத்துக்கு நல்லது நாற்காலிக்கு மட்டும் ஆகாதா என்று தோன்றியது. சேர்த்தேன்.

முதலில் கண்ணில் படாத மூலையில் ஒரு துளி வைத்துப் பார்க்க வேண்டும் என்று எல்லா வீடியோவும் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தன. தன் மருந்தின்மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் செய்கிற வேலை அது. நான் நேராக உட்காருகிற இடத்தில் ஊற்றினேன்.

நாற்காலி குடித்தது. ஒரே மடக்கில் குடித்தது. குடித்துவிட்டுக் கறுத்தது. நடுவில் ஒரு பெரிய வட்டம். ஓரங்களில் பழைய நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஈரத்தோடு உட்கார்ந்து எழுந்த மாதிரி இருந்தது. கிட்டே வந்து பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது.

பை நிறையக் காய்கறியோடு அவள் உள்ளே வந்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"வீட்டுக்குள்ள எந்தக் கடையைத் திறந்து வெச்சிருக்கீங்க?"

"நாற்காலியைச் சுத்தம் பண்றேன்."

"வாழைப்பழத் தோல் எதுக்கு அது தலையில கிடக்கு?"

"மெருகுக்கு."

"என் எலுமிச்சம்பழம் எங்க?"

"நாற்காலியில."

"தேன்?"

"அதுவும்."

"பால்?"

நான் வாழைப்பழத் தோலை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

"அப்ப சாயங்காலம் டீ எதுலங்க போடறது? நாற்காலியைப் பிழியவா? ரெண்டு கப் வருமா?"

உண்மையில் மூன்று கப் வரும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

காய்ந்தால் சரியாகிவிடும் என்று சாதித்தேன். சாதித்ததை நிரூபிக்க அதிலேயே உட்கார்ந்தும் காட்டினேன். அதுதான் தவறு. டீ வந்ததும் எழுந்தேன். நான் எழுந்தேனே தவிர பேன்ட் எழவில்லை. கொஞ்சம் இழுத்தபின், ஒரு பெருமூச்சு விடுகிற சத்தத்தோடு வந்தது. பால் இல்லாத அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் முதல் எறும்பு வந்தது. சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. அப்புறம் குடும்பத்தோடு வந்தது. அப்புறம் ஊரோடு வந்தது. ஜன்னல் விளிம்பு வழியாக, ஒழுங்காக, ஒற்றை வரிசையில். எங்கள் ஆபீஸில் சம்பள நாளன்றுகூட நான் இப்படி ஒரு வரிசையைப் பார்த்ததில்லை.

என் மனைவி கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எறும்புகளைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்தாள். பிறகு, துணி மடித்து வைப்பதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, எதிர்வீட்டுக்காரர் தோல் பை கடையிலதானே வேலை பாக்கறார்? அவர்கிட்ட கேட்டா என்ன?"

என் மனைவி எனக்கு உதவுகிறாள். நாற்காலியைக் காப்பாற்ற எனக்கு வழி சொல்கிறாள். நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. நெகிழ்ந்த நெஞ்சில் சந்தேகம் நிற்காது. வழுக்கிக்கொண்டு போய்விடும்.

"கேக்கறேன்," என்றேன்.

"இன்னைக்கு வேண்டாம். நாளைக்குக் காலையில கேளுங்க. இன்னைக்கு அவர் களைச்சிருப்பார்."

அவர் களைத்திருப்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. அன்று சாயங்காலம் சர்க்கரை வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குள் போனவள் ஏன் வெறும் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள் என்றும் யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை எதிர்வீட்டுக்காரர் வந்தார். என் வயதுதான். ஆனால் கல்யாணமாகி எனக்கு இரண்டு வருடம், அவருக்கு ஆறு. அந்த நாலு வருட வித்தியாசம் முகத்தில் தெரியும். நாற்காலியைச் சுற்றி வந்தார். அழுத்திப் பார்த்தார். விரலில் ஒட்டியதைத் தெரியாமல் நாக்கில் வைத்துவிட்டு, "தேனா சார்?" என்றார்.

"ஒரு ஆராய்ச்சி."

"நல்ல தோல் சார். பிழைச்சுக்கும். எழுதிக்கறீங்களா?"

எழுதிக்கொண்டேன். முதலில் ஈரத்துணியால் இந்த இனிப்பையெல்லாம் துடைத்து எடுக்க வேண்டும். பிறகு வினிகரும் தண்ணீரும் சரிபாதி, நன்றாகப் பிழிந்த துணி, பூஞ்சை போகும்வரை மென்மையாக. ஒரு நாள் காற்றில் விட வேண்டும். அப்புறம் தேன்மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் மூன்று பங்கு. பெரிய பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, அதற்குள் சின்னப் பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். ஆறினால் களிம்பாகிவிடும். அதைத் துணியில் கொஞ்சமாக எடுத்து, வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும். இது வரைக்கும் மளமளவென்று சொன்னார். நாள் முழுக்க வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறவர்போல.

"எத்தனை தடவை பூசணும்?"

இங்கே அவர் நிறுத்தினார். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை. அப்புறம் தன் உள்ளங்கையை ஒரு பார்வை.

"மூணு பூச்சு சார்."

"தொடர்ந்தா?"

உள்ளங்கை. "இல்லை சார். ஒரு பூச்சுக்கு நாலு நாள் காயணும்."

"நாலு நாளா! வீட்டுக்குள்ளயே வெச்சிருந்தா?"

உள்ளங்கை. "ஐயோ, வீட்டுக்குள்ள வெக்கவே கூடாது. பால்கனி. அதுவும் வெயில் படாத இடம். வெயில் பட்டா தோல் வெடிச்சுடும்." இந்தக் கடைசி வரியை மட்டும் கையைப் பார்க்காமல் சொன்னார்.

"நடுவுல கொஞ்சம் உட்கார்ந்துக்கலாமா?"

உள்ளங்கை. "உட்காரக் கூடாது."

பாவம், கையில் ஏதோ அரிப்பு என்று நினைத்தேன்.

கணக்குப் பார்த்தேன். காற்றில் விட ஒரு நாள், பூச்சுக்குப் பன்னிரண்டு நாள், கடைசியில் மெருகேற்ற ஒரு நாள். சரியாகப் பதினாலு. என் கெடுவில் மீதியிருந்ததும் பதினாலே நாள். இவ்வளவு கச்சிதமாக எதுவும் என் வாழ்க்கையில் பொருந்தியதில்லை. அதை நான் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன்.

நாற்காலியைப் பால்கனிக்குத் தூக்கினோம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் என் மனைவி. என் பக்கம் முதுகு ஒடிந்தது. அவளோ ஏதோ பூக்கூடையைத் தூக்குகிற மாதிரி போய்க்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து வந்தேன். ஜன்னல் மூலையில் தையல் மெஷின் இருந்தது.

"இது என்ன?"

"மெஷினுங்க."

"அது தெரியுது. இங்க ஏன்?"

"இடம் சும்மாதானே கிடக்கு? நாற்காலி காயற வரைக்கும் இருக்கட்டுமே."

"காயற வரைக்கும்தான்."

"அதைத்தானே நானும் சொல்றேன்?"

நியாயமாகத்தான் இருந்தது. நான் பால்கனிக்குப் போனேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், வேலை எனக்குப் பிடித்துப்போனது. முதல் தடவை மெழுகைக் கூடுதலாகப் போட்டுவிட்டேன். களிம்பு ஆறி, செங்கல்லாக நின்றது. கரண்டியைக் குத்தினேன். கரண்டி உள்ளேயே தங்கிவிட்டது. மறுபடி உருக்கி, எண்ணெய் சேர்த்து, விரலால் வழித்தால் வெண்ணெய்போல் வருகிற பதத்துக்குக் கொண்டுவந்தேன்.

"பால் காய்ச்சற பாத்திரத்தை ஏங்க எடுத்தீங்க? இனிமே அதுல எதைப் போட்டாலும் மெழுகு வாசனைதான்."

"அது இனி நாற்காலியோட பாத்திரம்."

"நல்லது. கரண்டியும் அதுக்கே எழுதி வெச்சுடுங்க."

தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் தேய்த்தேன். களிம்பு பூசாத நாட்களிலும் வெறும் துணியால் தேய்த்தேன். முதல் பூச்சில் நடுவிலிருந்த கறுப்பு வட்டம் கொஞ்சம் மங்கியது. இரண்டாம் பூச்சில் ஓரங்கள் வட்டத்தின் நிறத்துக்கு இறங்கி வந்தன. ஆணி ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துடைத்தேன். நூற்றுப் பதினெட்டு ஆணி. தோளில் வலி. ஆனால் அந்த வலியோடு ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது, இந்த ஆபீஸில் வேறு யாருக்கும் இப்படிப்பட்ட வலி இல்லை என்று ஒரு பெருமை.

நான் வெளியே தேய்க்கத் தேய்க்க, உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பூச்சு காய்வதற்குள் எதிர்வீட்டம்மாவின் கவுன் ஒன்று, திரைச்சீலை இரண்டு. இரண்டாம் பூச்சின்போது மாடிவீட்டு டீச்சர் வந்தார். மூன்றாம் பூச்சின்போது யார் யாரோ வந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் துணி மூட்டை. கட்டிலில் துணி மூட்டை. ஒரு நாள் ராத்திரி தலையணை என்று நினைத்து யாருடையதோ சீருடைக் கட்டின்மேல் தூங்கியிருக்கிறேன். காலையில் கன்னத்தில் பித்தான் அச்சு.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டு வாசலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'தையல். மாலை நான்கு மணி முதல்.' மாடி மாறி வந்துவிட்டேனோ என்று எண்ணைப் பார்த்தேன். எண்ணில் நான் தவறு செய்ய மாட்டேன், அது என் தொழில். என் வீடுதான். உள்ளே நுழையப் போனேன்.

"சார், வரிசையில வாங்க. நாங்க மூணரையிலேர்ந்து நிக்கிறோம்," என்றார் ஒரு அம்மா.

"இது என் வீடுங்க."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க," என்றார் அவர். யார் எல்லாரும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான்காவதாக நின்றேன்.

ஆனால் எனக்குக் கவலையில்லை. இன்னும் இரண்டே நாள். நாற்காலி உள்ளே வரும், மெஷின் வெளியே போகும். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

பதினாலாம் நாள், ஞாயிறு. கம்பளித் துணியால் கடைசி மெருகு போட்டேன். விலகி நின்று பார்த்தேன். நானே மரியாதையாக ஒரு அடி பின்னால் போனேன். அப்படி ஒரு நிறம். அடர்ந்த, சீரான, உள்ளிருந்து விளக்கேற்றிய மாதிரியான பழுப்பு. பூஞ்சை இல்லை. வாடை இல்லை. லேசாகத் தேன்மெழுகு வாசம். வட்டம் இருந்த இடம் எனக்கே தெரியவில்லை.

உள்ளே தூக்கிவர எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். புது பேன்ட்டில் வந்தார். இடுப்பிலும் கணுக்காலிலும் அளவெடுத்துத் தைத்தது. நேர்த்தியான தையல். எனக்குத் தெரிந்த தையல். நூல்கூடத் துணியின் நிறத்திலேயே இருந்தது.

"பேன்ட் நல்லா இருக்கே?"

"ஆமா சார்," என்றார். தரையைப் பார்த்துச் சொன்னார்.

கூடத்தில் இறக்கினோம். என் மனைவி எழுந்து வந்தாள். முகர்ந்தாள். வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு இழுப்பு இழுத்து, கைக்குட்டையைப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது. குனிந்து பின்பக்கம் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"நிஜமாவே அருமையா பண்ணியிருக்கீங்க."

குரலில் கிண்டல் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. ஜெயித்துவிட்டேன். அந்த நாற்காலி வந்த நாளிலிருந்து முதல் வெற்றி.

"சரி, மெஷினை எடுத்துடலாமா?" என்றேன், பெருந்தன்மையாக.

"எடுத்துடலாம். அதுக்கென்ன?" என்றாள். மெஷின் பக்கம் போனாள். பாதி வழியில் நின்றாள். ஜன்னலைப் பார்த்தாள். காலை வெயில் அந்த மூலை முழுக்கப் பாய்போட்டுப் படுத்திருந்தது.

"ஆனா ஏங்க, இங்க ஒன்பது மணியிலேர்ந்து வெயிலாச்சே. இவ்வளவு பாடுபட்டுப் பண்ணினதைக் கொண்டுவந்து வெயில்லயா வெக்கிறது?" எதிர்வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்க சொல்லுங்க. தோல்ல வெயில் பட்டா என்னாகும்?"

அவர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தன் புது பேன்ட்டைப் பார்த்தார்.

"வெடிச்சுடும்," என்றார்.

"கேட்டீங்களா? பதினாலு நாள் உழைப்புங்க. எனக்கு மனசு வரலை. வாசல் பக்கம் நல்ல நிழல். அங்கயே இருக்கட்டும்."

நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்தினோம். நான்தான் நகர்த்தினேன். என் நாற்காலியை வெயிலில் வை என்று என் வாயாலேயே எப்படிச் சொல்வேன்? நகர்த்தி முடித்து, துடைத்து, உட்காரலாம் என்று திரும்பினேன். அதற்குள் துணியோடு வந்த மாடிவீட்டு டீச்சர் அதில் உட்கார்ந்திருந்தார். சாய்ந்தும் உட்கார்ந்திருந்தார். "அப்பாடா, காத்திருக்கறதுக்கு இப்படி ஒரு நாற்காலி எந்தத் தையல் கடையிலயும் இல்லை," என்றார்.

எதிர்வீட்டுக்காரரை நடைவழியில் மடக்கினேன்.

"உண்மையைச் சொல்லுங்க. ஒரு பூச்சுக்கு நாலு நாளா?"

"ஒரு ராத்திரி போதும் சார்."

"மூணு பூச்சு?"

"ஒண்ணு போதும். உங்க நாற்காலிக்கு, அந்தத் தேனுக்காக, ரெண்டு."

"பால்கனி?"

"வீட்டுக்குள்ளயே காயும் சார்."

"அப்புறம் ஏன்யா?"

"உங்க வீட்டம்மா எங்க வீட்டம்மாகிட்ட சொன்னாங்க. எங்க வீட்டம்மா என்கிட்ட சொன்னாங்க. நான் மறந்துடுவேன்னு உள்ளங்கையில எழுதியும் விட்டாங்க. வந்து சொல்ற வரைக்கும் கை கழுவக் கூடாதுன்னு உத்தரவு. காலையில ஸ்பூன்லதான் சாப்பிட்டேன்."

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"நீங்களா இருந்தா சொல்லுவீங்களா சார்?"

அவர் தோளைத் தட்டி அனுப்பிவைத்தேன்.

விடக் கூடாது என்று தீர்மானித்தேன். அன்று சாயங்காலம் எல்லோரும் போனபின் கேட்பதற்கு ஒரு பேச்சே தயார் செய்தேன். ஏமாற்று, கூட்டுச்சதி, நம்பிக்கைத் துரோகம் என்று மூன்று பகுதி. ஒத்திகை பார்த்துக்கொண்டே உள்ளே போனேன். அவள் ஜன்னலோரத்தில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கடைசி வெளிச்சம் முகத்தில் விழுந்திருந்தது. நூலை உதட்டில் நனைத்தாள். ஊசியின் காதுக்கு நேரே கொண்டுபோனாள். முதல் தடவையிலேயே உள்ளே போய்விட்டது. தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள். நான் நிற்பதை அவள் பார்க்கவில்லை.

பேச்சை மடித்து வைத்துவிட்டேன். மூன்றாம் பகுதி நன்றாக வந்திருந்தது. போகட்டும்.

விஷயம் இத்துடன் முடிந்திருந்தால் பரவாயில்லை. காத்திருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? நாற்காலியைத் தடவிப் பார்த்தார்கள். யார் இப்படிப் பண்ணினது என்று கேட்டார்கள்.

"எங்க வீட்டுக்காரர்தான். எல்லாம் வீட்டுச் சாமான். எல்லாம் இயற்கை," என்று என் மனைவி சொல்வது பால்கனி வரை கேட்டது. பெருமையாகச் சொன்னாள். அதனால் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வாக்கியம் வரைக்கும்.

"உங்க பையையும் குடுத்துட்டுப் போங்களேன். அவருக்கு ஞாயித்துக்கிழமையில வேற வேலை கிடையாது."

இப்போது என்னிடம் கைப்பை நாலு, இடுப்பு வார் இரண்டு, ஒரு ஜோடி பூட்ஸ். டீச்சரின் கைப்பை அழுக்கு சாமானியத்தில் விடுகிற ஜாதி இல்லை. பால்கனியில் பழைய மர ஸ்டூல் ஒன்றைப் போட்டுக்கொண்டு தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து முட்டுக்கொடுத்திருக்கிறேன். சாய முடியாது. முழங்காலை மடக்கிக்கொண்டால் சமாளிக்கலாம். ஆனால் நல்ல காற்று. கீழே தெரு தெரிகிறது. ஒரு வாரம் பழகினபின் அதுவும் பிடித்துப்போனது. யோசித்துப் பார்த்தால் மனுஷனுக்கு எதற்கு அவ்வளவு பெரிய நாற்காலி? இந்த ஸ்டூல் போதும். இது எனக்கே எனக்கு. இதை ஆபீஸிலும் இழுக்க மாட்டார்கள், வீட்டிலும் கேட்க மாட்டார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பூட்ஸில் ஒரு பூச்சை வட்ட வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தேன்.

உள்ளே மெஷின் சத்தம் நின்றது.

"ஏங்க, இங்க ஒருத்தங்க உட்கார இடமில்லாம நிக்கிறாங்க. அந்த ஸ்டூலைக் கொஞ்சம் குடுங்களேன்."